அச்சன்கோவில் மலைச்சாலை

அச்சன்கோவில் மலைச்சாலை என்பது தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்திலுள்ள பண்பொழி, மேக்கரை ஆகிய ஊர்களில் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலுள்ள அச்சன்கோவில் என்னும் சிற்றூரைச் சென்றடையும் குறுகிய கணவாய்ச் சாலை ஆகும். அச்சன்கோயில் எனவும் இவ்வூரின் பெயர் எழுதப்படுகிறது. தெற்கே அமைந்துள்ள செங்கோட்டை–ஆரியங்காவு கணவாய் பரவலாக அறியப்பட்ட அளவிற்கு இக்கணவாய் அறியப்படவில்லை. போக்குவரத்து குறைவு, அடர்ந்த காடு, தொடர்ச்சியான ஏற்றம் ஆகிய காரணங்களால், விருதுநகர், சிவகாசி, இராசபாளையம் பகுதிகளில் இருந்து மிதிவண்டியில் சென்று ஏறத்தக்க மலைப்பாதைகளுள் இது குறிப்பிடத்தக்கது.

அமைவிடம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லை முழுவதும் மலையாகும். திருவில்லிப்புத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களில் எங்கு நின்று பார்த்தாலும் மேற்கே மலைத்தொடர் தெரியும். ஆயினும் அம்மலையைக் கடந்து கேரளத்திற்குச் செல்லும் வாகனச் சாலை இம்மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மலையின் கிழக்குச் சரிவில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் இது திருவில்லிப்புத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மலைக்கு அப்பால் பெரியாறு புலிகள் காப்பகம் உள்ளது. எனவே இம்மாவட்டத்தினர் சாலை வழியாக மலையைக் கடக்க வேண்டுமெனில், வடக்கே தேனி மாவட்டம் வழியாகக் குமுளிக்கோ, தெற்கே செங்கோட்டைப் பகுதிக்கோ செல்ல வேண்டும்.

செங்கோட்டைப் பகுதியில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744. இது திருமங்கலத்தில் தொடங்கி, திருவில்லிப்புத்தூர், இராசபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் வரை செல்கிறது. முன்னர் இதற்கு 208 என்ற எண் இருந்தது. இரண்டாவது இக்கட்டுரையின் பொருளான அச்சன்கோவில் சாலை.

இவ்விரண்டில் ஒன்று பெருவழியாகவும் மற்றொன்று அமைதியான பாதையாகவும் ஆனதற்குக் காரணம் நில அமைப்பே. ஆரியங்காவு கணவாய் மலைத்தொடரில் உள்ள தாழ்வான இடைவெளி என்பதால் தொடருந்துப் பாதை அவ்வழியே அமைக்கப்பட்டது. புனலூர்–செங்கோட்டை மீட்டர் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. 2010-இல் அப்பாதை மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று வளைவுப் பாலம் இப்பாதையில் பலரும் அறிந்த கட்டுமானம் ஆகும். தொடருந்தும் சரக்குந்துகளும் ஆரியங்காவு வழியே சென்றுவிட்டதால், சற்று வடக்கே உள்ள உயரமான கணவாய்க்குக் காட்டிலாகா ஊர்திகள், அச்சன்கோவில் மக்கள், கோயிலுக்குச் செல்வோர் ஆகியோர் மட்டுமே எஞ்சினர். ஒரு கணவாயின் அமைதி பெரும்பாலும் அதன் பக்கத்துக் கணவாயின் இரைச்சலால் கிடைப்பது எனலாம்.

சிவகாசியிலிருந்து மலையடிவாரம் வரை

சிவகாசியில் இருந்து திருவில்லிப்புத்தூர், இராசபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், வடகரை, பண்பொழி வழியாக மேக்கரையை அடையலாம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 90 முதல் 100 கி.மீ. ஆகும். இவ்வழி பெரும்பாலும் சமதளம். பயணம் முழுவதும் மலை வலக்கைப் பக்கமாக உடன் வருகிறது.

இப்பகுதியின் சிறப்பு அங்குள்ள ஊர்களில் இல்லை. நிலத்தின் மாற்றத்தில் உள்ளது. சிவகாசியைச் சுற்றிலும் கரிசல் நிலமும், வெயிலில் காய்ந்த வெளிகளில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பட்டாசு ஆலைக் கட்டடங்களும் காணப்படும். இராசபாளையத்தைத் தாண்டியதும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் தொடங்குகின்றன. புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் பெற்றது. கடையநல்லூருக்குப் பின்னர் நெல் வயல்கள். பண்பொழியை நெருங்குகையில் குன்றின் மீதுள்ள திருமலைக் குமாரசுவாமி கோயில் தொலைவிலிருந்தே தெரியும். அதற்கு அப்பால் மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயரமுள்ள அடவிநயினார் கோயில் அணை உள்ளது.

நெடுஞ்சாலையில் கனரக ஊர்திகள் மிகுதி என்பதால், மிதிவண்டி ஓட்டுநர்களுக்கு உண்மையான ஆபத்து மலையில் அல்ல, இந்தச் சமதளத்தில்தான் உள்ளது. இதனைத் தவிர்க்க விரும்புவோர் விருதுநகர், சிவகாசி, திருவில்லிப்புத்தூர், இராசபாளையம் நிலையங்கள் வழியாகச் செங்கோட்டை செல்லும் தொடருந்தில் மிதிவண்டியைச் சரக்காகப் பதிவு செய்து கொண்டு செல்லலாம். விருதுநகர்–தென்காசி இருப்புப் பாதை 1927-இல் திறக்கப்பட்டதாகும். செங்கோட்டையில் இருந்து மேக்கரை 15 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளது.

காற்றைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டை இடைவெளி வழியாகக் கிழக்கு நோக்கி வேகமாக வீசுகிறது. தென்காசியைச் சுற்றிலும் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பது இதனால்தான். அம்மாதங்களில் இராசபாளையத்தில் இருந்து தெற்கே மிதிப்பவர், மலை தொடங்குவதற்கு முன்னரே ஒரு மலையை ஏறிய களைப்பை அடைவார்.

மழைப்பக்கமும் மழைமறைவுப் பக்கமும்

தென்மேற்குப் பருவக் காற்று அரபிக்கடலில் இருந்து கொணரும் ஈரத்தின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவிலேயே மழையாகப் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்று வறண்டதாக இருக்கும். இதனால் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பகுதி எனப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 800 மி.மீ. அளவே. அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. மேற்குச் சரிவில் பெய்வது இதனைப் போல் பன்மடங்கு.

வேளாண்மைக்குக் கேடான இவ்வறட்சிதான் சிவகாசிக்குத் தொழிலைத் தந்தது. 1920-களில் தீப்பெட்டித் தொழிலைக் கொல்கத்தாவில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதனைச் சிவகாசியில் நிறுவியபோது, குச்சிகளும் மருந்தும் விரைவில் உலர்வதற்கு ஏற்ற காற்று அங்கு ஏற்கெனவே இருந்தது. பின்னர் வளர்ந்த பட்டாசு, அச்சுத் தொழில்களுக்கும் இதே வறண்ட காற்று துணை நின்றது. அதாவது சிவகாசியின் தொழில் வரைபடத்தை வரைந்தவற்றுள் இம்மலைத்தொடரும் ஒன்று.

அச்சன்கோவில் சாலையில் ஏறுபவர் இந்தப் புவியியல் பாடத்தை ஒரு முற்பகலில் உடலாலேயே உணர்ந்து கொள்ள முடியும். அடிவாரத்தில் வெயில் சுடுகிறது. வளைவுகள் ஏற ஏற மரங்கள் உயர்ந்து சாலையின் மேல் நிழல் கவிகிறது. சாலையோரப் பாறைகளில் பாசி தோன்றுகிறது. பருவ மாதங்களில் எல்லையை நெருங்கும்போது சாரல் முகத்தில் படும். இவ்விடத்திற்குக் கிழக்கே விழும் மழைநீர் அனுமன் நதி, சிற்றாறு, தாமிரபரணி வழியாக மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. மேற்கே விழுவது அச்சன்கோவில் ஆறு, பம்பை வழியாக வேம்பநாட்டு ஏரியையும் அரபிக்கடலையும் சேர்கிறது. எல்லைப் பகுதி கோட்டைவாசல் என வழங்கப்படுகிறது. அங்கு கருப்பசாமி கோயில் உள்ளது. ஏறி வந்தோர் பலரும் இளைப்பாறும் இடமும் இதுவே.

ஏற்றத்தின் கணக்கு

தமிழ்நாட்டில் மிகுதியாகப் புழங்கும் மிதிவண்டி ஒற்றைப் பற்சக்கர வண்டியாகும். அரசு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய வண்டியில் மலையேற முடியுமா என்ற வினாவிற்கு எளிய கணக்கின் மூலம் விடை காணலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ எடையுள்ள வண்டியில் 100-க்கு 6 என்னும் சரிவில் ஏறுவதாகக் கொள்வோம். அதாவது 100 மீட்டர் முன்னேறுகையில் 6 மீட்டர் உயரம் கூடுகிறது. புவியீர்ப்பு அவரைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 47 நியூட்டன். சக்கர உருளல் தடையையும் சேர்த்தால் 53 நியூட்டன். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் செல்ல அவருக்குத் தேவையான திறன் சுமார் 120 வாட். உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் ஒரு மணி நேரம் இத்திறனைத் தருவது இயல்பான செயலே. எனவே தடை திறனில் இல்லை. அது பற்சக்கர விகிதத்தில் உள்ளது.

சாதாரண வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்னுள்ள ஃப்ரீவீலில் 18 பற்களும் இருக்கும். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் இது நிமிடத்திற்கு 25 சுற்றுகளுக்கும் குறைவாகும். ஒவ்வொரு சுற்றிலும் மிதிகட்டையின் மேல் சராசரியாக 28 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தொடர்ந்து செலுத்த வேண்டும். மிதிகட்டை மேலும் கீழும் உள்ள நிலைகளில் கால் ஏதும் செய்ய இயலாது என்பதால், இடைப்பட்ட நிலையில் தேவைப்படும் உச்ச விசை இதைவிட மிகவும் கூடுதல். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பது இதன் பொருட்டே. முழங்கால் விரைவில் சோர்ந்துவிடும்.

முன்னும் பின்னும் 30 பற்கள் கொண்ட விகிதத்திற்கு மாற்றினால், ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீட்டர் மட்டுமே நகரும். தேவைப்படும் சராசரி விசை சுமார் 11 கிலோ எடைக்குச் சமமாகக் குறைகிறது. கால்கள் நிமிடத்திற்கு 60-க்கும் மேற்பட்ட முறை சுற்றுகின்றன. செய்யப்படும் வேலை ஒன்றே. ஆனால் அது சிறு சிறு தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது.

ஒற்றைப் பற்சக்கர வண்டி வைத்திருப்பவருக்கு மற்றொரு விகிதமும் உண்டு. அது இறங்கித் தள்ளுவது. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் தள்ளிச் செல்கையில் தேவைப்படும் திறன் பாதியாகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 7 அல்லது 8 நிமிடங்களுக்குப் பதிலாக 15 நிமிடங்கள் ஆகும், அவ்வளவே. இதனை இழுக்காகக் கருதுவோர் உளர். இயந்திரவியல் நோக்கில் இது அந்த வண்டியின் மிகக் குறைந்த பற்சக்கர நிலையைப் பயன்படுத்துவது மட்டுமே.

பற்சக்கர மாற்றியின் வரலாறும் ஒரு கணவாயோடு தொடர்புடையது. பிரான்சின் சென்ட் எட்டியென் நகரைச் சேர்ந்த பால் டி விவி என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். அந்நகருக்கு அருகிலுள்ள, 1161 மீட்டர் உயரமான ரிப்பப்ளிக் கணவாய்ச் சாலையில் பலமுறை ஏறி, விகிதம் மாற்றும் அமைப்புகளைச் சோதித்தார். 1903-இல் நடைபெற்ற முதலாவது டூர் டி பிரான்சு போட்டியும் இக்கணவாயைக் கடந்தது. ஆயினும் அப்போட்டியின் பொறுப்பாளர்கள் பற்சக்கர மாற்றியை 1937 வரை அனுமதிக்கவில்லை. அந்நாட்டிலேயே நூறு கணவாய்களை மிதிவண்டியில் கடந்தோரைச் சேர்த்துக்கொள்ளும் மன்றம் ஒன்று 1972 முதல் இயங்கி வருகிறது. அம்மன்றத்தார் நாடுவது பெயர்பெற்ற கணவாய்களை மட்டுமன்று. வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிறு கணவாய்களையும் அவர்கள் கணக்கில் கொள்கின்றனர். தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறும் டூர் ஆஃப் நீலகிரிசு பயணத்தால் கல்லட்டி ஏற்றம் மிதிவண்டி ஓட்டுநரிடையே பரவலாக அறியப்பட்டது. தென்மாவட்டக் கணவாய்களுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

இறக்கம்

மலைப்பாதையில் விபத்து நேர்வது பெரும்பாலும் ஏறும்போது அன்று, இறங்கும்போதே. மேற்கூறிய அதே ஓட்டுநர் அதே சரிவில் பிரேக்கைத் தொடாமல் இறங்கினால், காற்றின் தடை ஈடுசெய்வதற்குள் வண்டி மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இவ்வேகம் ஏற்கத்தக்கது அன்று. வேகத்தை 20 கி.மீ. அளவில் கட்டுப்படுத்த, பிரேக் கட்டைகள் சுமார் 170 வாட் திறனை இடைவிடாது வெப்பமாக மாற்ற வேண்டும். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் கட்டையும் சக்கர விளிம்பும் சூடேறுகின்றன. நேர்ப்பகுதிகளில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னரே நன்றாக வேகத்தைக் குறைத்துக் கொள்வதே முறையாகும். வளைவின் நடுவே திடீரென அழுத்தினால் சக்கரம் வழுக்கக்கூடும்.

கம்பி வழியாக இயங்கும் பழைய வகைப் பிரேக்குகளும் குரோமியப் பூச்சுள்ள எஃகு விளிம்புகளும் கொண்ட வண்டிகளுக்கு இங்கு ஒரு தனி ஆபத்து உள்ளது. எஃகு விளிம்பு நனைந்துவிட்டால் இரப்பர் கட்டையின் பிடிப்பு பெருமளவு குறைந்துவிடும். சிவகாசியின் வறண்ட தெருக்களில் குறையின்றி இயங்கிய பிரேக், கோட்டைவாசலின் சாரலில் இயங்காமல் போகலாம். அலுமினிய விளிம்புகளில் இக்குறை ஓரளவு குறைவு. ஒற்றைப் பற்சக்கர வண்டியில் செல்வோர் மழை மாதங்களைத் தவிர்த்து, சனவரி, பிப்ரவரி மாதங்களில் செல்வது நன்று.

காடு

சாலையின் பெரும்பகுதி காட்டுப் பகுதிக்குள் செல்கிறது. சோதனைச் சாவடிகள் உள்ளதால் அங்கு விதிக்கப்படும் நேரக் கட்டுப்பாடுகளை அறிந்துகொண்டு செல்ல வேண்டும். யானைகள் சாலையைக் கடப்பதுண்டு. மிதிவண்டி ஓசையின்றி வருவதால், விலங்கும் மனிதரும் மிக அண்மையில் திடீரென எதிர்ப்பட நேரிடுகிறது. அமைதியே இவ்விடத்தில் பகையாகிவிடும். வளைவுகளுக்கு முன்னர் மணியடிப்பது நல்ல பழக்கம். அதிகாலையிலும் மாலைக்குப் பின்னரும் இச்சாலையில் செல்லாதிருக்க வேண்டும். யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, அது கடந்து செல்லும் வரை காத்திருத்தல் வேண்டும். ஏற்றத்தில் மிதித்துத் தப்ப இயலாது.

மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. பாம்புகளும் உண்டு. அச்சன்கோவில் சாத்தா கோயிலின் சந்தனமும் தீர்த்தமும் பாம்புக்கடியின் நஞ்சை முறிக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. எனினும் பாம்பு கடித்தவருக்கு வேண்டியது மருத்துவமனையில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்தாகும். கிழக்கே தென்காசியில் அரசு மருத்துவமனை உள்ளது.

அச்சன்கோவில்

மலையின் மறுபுறம் ஆற்றின் கரையில் அமைந்த காட்டு ஊர் இது. இங்குள்ள சாத்தா, பூரணை, புட்கலை ஆகியோருடன் இல்லறத்தார் கோலத்தில் வழிபடப்படுகிறார். மார்கழி மாதத்தில் நடைபெறும் பத்து நாள் விழாவிற்கு, இறைவனின் அணிகலன்கள் புனலூரில் இருந்து ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாக ஊர்வலமாகக் கொண்டுவரப்படுகின்றன. கேரளத்துக் கோயிலின் நகைகள் கேரளத்தில் இருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டைச் சுற்றி, இக்கணவாய் ஏறி மீண்டும் கேரளத்திற்குள் நுழைவது கவனிக்கத்தக்கது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் ஊர்திகள் பெருகுவதால், இச்சாலை அப்போது அமைதியாக இருப்பதில்லை.

நகைகள் செல்லும் அதே சுற்றுவழியைத்தான் ஊர் மக்களும் பயன்படுத்துகின்றனர். அச்சன்கோவில், ஆரியங்காவு ஊராட்சியைச் சேர்ந்தது. புனலூருக்கு அலிமுக்கு வழியாகக் காட்டுச்சாலை ஒன்று இருந்தபோதிலும், அது நீண்டது, கரடுமுரடானது. எனவே சொந்த ஊராட்சியின் அலுவலகத்திற்குச் செல்லவே மலையேறித் தமிழ்நாட்டிற்குள் இறங்கி, செங்கோட்டை வழியாக மீண்டும் மலையேறி ஆரியங்காவு செல்ல வேண்டியுள்ளது. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்ததாகும். மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது எல்லை மலைமுகட்டின் அருகே வந்து நின்றது. சாலை முன்போலவே தொடர்ந்தது. பயணிகள் விளையாட்டாக ஏறும் இக்குறுகிய சாலை, அவ்வூரின் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் இன்றியமையாத வழி. எனவே வளைவுகளில் குழுவாகச் சாலையை அடைத்து நிற்பதையும், பேருந்துகளுக்கு வழிவிட மறுப்பதையும் மிதிவண்டி ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டும்.

வைப்பாறு இணைப்புத் திட்டம்

இக்கணவாய்க்கும் விருதுநகர் மாவட்டத்திற்கும் மற்றொரு தொடர்பும் உள்ளது. தேசிய நீர் மேம்பாட்டு முகமை வகுத்த பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்புத் திட்டத்தின்படி, மேற்குச் சரிவில் அணைகள் கட்டி, மலையைக் குடைந்து அமைக்கும் சுரங்க வழியாக ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் நீர் கிழக்கே திருப்பப்படும். அதனால் அன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் 91,400 எக்டேர் நிலம் பாசனம் பெறும் எனக் கணக்கிடப்பட்டது. சாத்தியக்கூற்று அறிக்கை 1995-இல் அணியமானது. வைப்பாறு விருதுநகர் மாவட்டத்தின் முதன்மையான ஆறு. சாத்தூர் வழியாகப் பாயும் அது ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது.

கேரளம் இத்திட்டத்தை எதிர்த்து வருகிறது. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளில் மிகை நீர் இல்லை என்பதும், நீரோட்டம் குறைந்தால் குட்டநாட்டு வயல்களிலும் வேம்பநாட்டு ஏரியிலும் உவர்நீர் ஏறும் என்பதும், அணைகளால் காடு மூழ்கும் என்பதும் அதன் வாதங்கள். தமிழ்நாடு, வறண்ட மாவட்டங்களின் தேவையை முன்வைக்கிறது. திட்டம் செயற்படுத்தப்படவில்லை. கோட்டைவாசலில் இப்போது மலையைக் கடப்பவை காற்றும், பேருந்துகளும், அரிதாக வரும் மிதிவண்டிகளுமே.